தாதி வேறு, மருத்துவச்சி வேறு

மருத்துவச்சி வேலைக்கு எதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்று கேட்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிதான் எங்கள் வீட்டு எட்டுப் பிள்ளைகளையும் கையில் வாங்கினாள், அதற்கென்ன படிப்பு என்பது முதல் கட்சி. மகப்பேற்று மருத்துவர் இருக்கும்போது நடுவில் இவள் எதற்கு என்பது இரண்டாம் கட்சி. என் அக்கா மகள் இந்தப் படிப்புக்காக இங்கிலாந்து போகிறேன் என்று சொன்ன அன்று, சிங்கப்பூரின் ஈசூனில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு கட்சியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தன. அத்தானின் அம்மா முதல் கட்சி. அத்தான் இரண்டாம் கட்சி. அக்கா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தாதி. பொது மருத்துவ வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மருத்துவச்சிப் படிப்பையும் முடித்து, இப்போது பிரசவ வார்டில் இருக்கிறேன். ஆகவே எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீயே சொல்லம்மா. இங்கேயே தாதிமை படித்துவிட்டு, உன்னைப் போல அப்புறம் இதைப் படித்தால் போதாதா?" என்று கேட்டார் அத்தான். போதாது என்றேன். பெண் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அதன் பிறகு வேறு சில பெற்றோரும் இதே கேள்வியோடு என்னை அழைத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தொலைபேசியில் விளக்குவதைவிட, இங்கே எழுதி வைத்துவிட்டால் எனக்கும் நல்லது.

முதலில் நம் ஊர் வழி. சிங்கப்பூரில் மருத்துவச்சி ஆக விரும்புகிறவர் வழக்கமாக முதலில் தாதி ஆகிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ தாதிமை படித்து, சிங்கப்பூர் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்று, வார்டில் பழகி, அதற்கு மேல் மருத்துவச்சிப் பணிக்கான உயர் பட்டயம் படிக்கிறார். சட்டத்தில் மருத்துவச்சிகளுக்கெனத் தனிப் பதிவேடே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டுக்குப் போகிற பாதை தாதிமையின் வழியாகத்தான் வளைந்து போகிறது.

இங்கிலாந்தில் நேர்வழி உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தவர் நேராக மூன்றாண்டு மருத்துவச்சிப் பட்டத்தில் சேரலாம். பாதி நேரம் வகுப்பறை, பாதி நேரம் மருத்துவமனையும் வீடுகளும். படிப்பு முடிவதற்குள் மேற்பார்வையின் கீழ் 40 பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனை 100, பிரசவத்துக்குப் பிந்திய பரிசோதனை 100. ஆஸ்திரேலியப் பட்டத்தில் இன்னொரு கட்டாயம் உண்டு. மாணவி குறைந்தது 10 பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்து பிள்ளை பெற்று வீட்டுக்குப் போன பின்பும் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும். அனைத்துலக மருத்துவச்சியர் கூட்டமைப்பு வைத்திருக்கும் அளவும் இதையொட்டியதுதான்: நேராகச் சேர்ந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள், ஏற்கெனவே தாதியாக இருந்தால் குறைந்தது 18 மாதங்கள்.

தாதியாக இருந்துகொண்டு இதைப் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புதிதாகக் கற்றுக்கொண்டது எனக்குக் கடினமாக இல்லை. தெரிந்ததைத் தூர வைப்பதுதான் கடினமாக இருந்தது.

பொது வார்டில் வேலை செய்த தாதியின் தலைக்குள் ஓர் அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கும். ஹீமோகுளோபின் இவ்வளவு இருக்கலாம், வெள்ளணுக்கள் இவ்வளவு இருக்கலாம், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இவ்வளவு இருக்கலாம். ஆய்வகத் தாளில் எங்கே நட்சத்திரக் குறி விழுந்திருக்கிறதோ அங்கே கண் தானாகப் போகும். அதே அட்டவணையோடு கர்ப்பிணியைப் பார்க்கப் போனால் பாதி நேரம் வீண் பயம், மீதி நேரம் வீண் தைரியம். கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. அதனால் ஹீமோகுளோபின் எண் இறங்குகிறது. சாதாரணப் பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை. கர்ப்பிணிக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 11, நடுவில் 10.5. வலி நேரத்தில் வெள்ளணுக்கள் 20,000ஐத் தாண்டுவது உண்டு. என் பழைய வார்டில் அந்த எண் வந்தால் கிருமி எங்கே என்று நுரையீரலிலிருந்து சிறுநீர்ப்பை வரை தேடியிருப்போம்.

கிரியேட்டினின் இதற்கு நேர்மாறு. கர்ப்பிணியின் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக வடிகட்டுகிறது. ஆகவே அந்த எண் நன்றாகக் கீழிறங்க வேண்டும். 85 மைக்ரோமோல் என்று தாளில் வந்தால் பல ஆய்வகங்களில் நட்சத்திரக் குறி விழாது, பொது வார்டில் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். எட்டு மாதக் கர்ப்பிணியிடம் அதே 85ஐப் பார்த்தால், இரத்த அழுத்தம் என்ன, சிறுநீரில் புரதம் போகிறதா, தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று உடனே கேட்க வேண்டும். மாமாங்கமாகப் பழகிய அட்டவணையை அழித்து எழுத எனக்கு நாள் பிடித்தது. என் அக்கா மகளுக்கு அழிக்க ஒன்றும் இல்லை. அவள் கர்ப்பிணியின் எண்களையே முதல் எண்களாகக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை அவளோடு பேசும்போது ஆண்களுக்கான ஹீமோகுளோபின் அளவு என்னவென்று எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

இரத்தப்போக்கு இன்னும் மோசமான பொறி. பிள்ளை பெற்ற பெண் இளம்பெண், உடம்பில் கூடுதல் இரத்தம் வேறு. ஒரு லிட்டர் போன பிறகும் இரத்த அழுத்தம் நல்லபடியாக நிற்கலாம். பேசுவாள், சிரிப்பாள், கணவரிடம் தேநீர் கேட்பாள். திரையைப் பார்த்து வேலை செய்யப் பழகியவர்கள் ஏமாறும் இடம் அதுதான். 500 மில்லிலிட்டரைத் தாண்டினாலே அதிகப்போக்கு என்று எழுத வேண்டும் என்பது பாடப்புத்தகம். 500 என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதற்காக எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பண்டோங் கலக்குகிற ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கரைத்து, மாவு கொஞ்சம் சேர்த்துக் குழைத்து, அணையாடை, படுக்கை விரிப்பு, கிண்ணம், தரை என்று வெவ்வேறு இடங்களில் ஊற்றி வைத்திருந்தார் ஆசிரியை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று மதிப்பிட்டுத் தாளில் எழுத வேண்டும். அறை முழுக்க இனிப்பு வாசனை. எல்லாரும் அனுபவப்பட்ட தாதிகள். விரிப்பில் ஊறியிருந்ததை 200 என்று எழுதியவர்களே அதிகம். ஊற்றியது 500. தரையில் பரவியிருந்ததை மட்டும் இருமடங்காக எழுதியிருந்தோம். தரை பயமுறுத்துகிறது, துணி மறைத்துவிடுகிறது. அதன் பிறகு ஆசிரியை ஒரு தராசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நனைந்த துணியின் எடையிலிருந்து உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் வருவது 1 கிராமுக்கு 1 மில்லிலிட்டர். இன்றைக்கும் பிரசவ அறையில் என் கை முதலில் தேடுவது அந்தத் தராசைத்தான். பண்டோங்கை மட்டும் அதற்குப் பிறகு நான் வாங்கிக் குடிக்கவில்லை.

அத்தானின் அம்மாவுக்கு வருகிறேன். அவர் சொன்ன கிழவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வலி வந்தவளைப் படுக்கவிடாமல் நடக்க வைத்தது, குத்துக்காலிட்டு உட்கார வைத்தது, இடுப்பை எண்ணெய் போட்டு நீவியது எல்லாமே இன்றைய பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறவை. ஆனால் தொப்புள்கொடியைக் கிடைத்த கத்தியால் அறுத்துச் சாம்பல் வைத்த கைகளும் அவைதான். அதனால் சில நாள் பிள்ளைகள் ஜன்னி கண்டு போனதை யாரும் எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. சிங்கப்பூரில் மருத்துவச்சிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1915லேயே சட்டம் வந்தது. 1927லிருந்து ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி, கம்பம் எனப்படும் கிராமங்களில் வீடு வீடாகத் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்து வரும் சேவையை வளர்த்தெடுத்தார். கிழவியிடம் இருந்த கைப்பழக்கத்தோடு சுத்தமும் கணக்கும் சேர்ந்த பிறகுதான் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அத்தானுக்கு வியன்னா கதையைச் சொன்னேன். 1840களில் அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சி மாணவிகள். மருத்துவர்களின் பிரிவில் பிள்ளைபெற்ற காய்ச்சலில் பெண்கள் மளமளவென்று செத்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் சாவு மிகக் குறைவு. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சியதாகச் சொல்வார்கள். செமல்வைஸ் என்ற மருத்துவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிணவறையில் அறுத்துப் பார்த்த கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. 1847ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு சரிந்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அறுவை அறையில் அவர் இல்லாமல் எங்களால் ஒன்றும் ஆகாது. நோயைத் தேடுகிற கண் வேறு, நோயில்லாத உடம்பைக் காவல் காக்கிற கண் வேறு என்பதற்காகச் சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இடுப்பெலும்பு. மாணவிகள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் ஒரு கட்டம் இருக்கிறது. இடுப்பெலும்பின் மேல்வாய் முன்பின்னாக 11 சென்டிமீட்டர், சாய்வாக 12, குறுக்காக 13. நடுப்பகுதி எப்படி அளந்தாலும் 12. கீழ்வாய் முன்பின்னாக 13, சாய்வாக 12, குறுக்காக 11. அதாவது மேலே குறுக்குவாட்டில் அகலம், கீழே முன்பின்னாக அகலம். குழந்தையின் தலையோ நெற்றியிலிருந்து பிடரிவரை நீளம், பக்கவாட்டில் குறுகல். இப்போது அந்தத் தலையை இந்தப் பாதையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். நுழையும்போது குழந்தை அம்மாவின் இடுப்பின் பக்கமாகப் பார்த்தபடி நுழைய வேண்டும். உள்ளே வந்து, அம்மாவின் முதுகுப் பக்கம் முகம் போகுமாறு திரும்ப வேண்டும். முகவாயை நெஞ்சில் பதித்துக் குனிந்து வந்தால் வழிவிட வேண்டிய அளவு 9.5 சென்டிமீட்டர். நிமிர்ந்து வந்தால் 11.5. அந்த 2 சென்டிமீட்டரில்தான் ஆறு மணி நேரப் பிரசவம் இருபது மணி நேரமாகிறது. வெளியே வந்ததும், உள்ளே இருக்கும் தோள்களுக்குத் தோதாகத் தலை மறுபடி பக்கவாட்டில் திரும்பும்.

இந்தக் கட்டத்தை எழுதச் சொன்னால் ஒரே வாரத்தில் எழுதிவிடலாம். கைக்கு வருவதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் துணிப்பொம்மையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பொம்மையை நுழைத்து, குனிய வைத்து, திருப்பி, நிமிர்த்தி, வெளியே எடுத்துக்கொண்டிருப்பேன். என் மகன் நடுவில் வந்து இடுப்பெலும்பை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். இப்போது அக்கா மகள் காணொளி அழைப்பில் அதே வேலையைச் செய்கிறாள். குழந்தை அம்மாவின் முதுகெலும்போடு தன் முதுகு ஒட்டக் கிடந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பொம்மையை அப்படி வைத்துத் திருப்பிப் பார் என்றேன். பெரிய சுற்றாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, தலையும் சரியாகக் குனியவில்லை. "அதனால்தான் அந்தப் பெண்களுக்கு முதுகில் அப்படி வலிக்கிறதா சித்தி?" என்றாள். ஆமாம். மருத்துவர் வருவதற்குள் அந்தப் பெண்ணைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இருக்க வைத்தால் வலி எவ்வளவு தணிகிறது என்பதையும் அடுத்த பணிமுறையில் அவளே பார்த்துவிட்டாள்.

கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பதை இரண்டு விரலால் அறிய வேண்டும். கண் உதவாது. மாணவிகள் தங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகற்றி, அளவுகோலில் வைத்து, எவ்வளவு விரித்தால் 4, எவ்வளவு விரித்தால் 7 என்று பழகிக்கொள்வார்கள். என் சமையலறையில் கடுகு டப்பா மூடி, மருந்துப் புட்டி மூடி, ஊறுகாய்ப் புட்டி மூடி ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் அளந்து, பிறகு அளவுகோலால் சரிபார்த்திருக்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். மேலே தட்டுப்படுவது கெட்டியாகவும் உருண்டையாகவும் இருந்து, இரண்டு கைக்கும் நடுவில் தனியாக அசைந்தால் அது தலை. தள்ளும்போது உடம்பும் சேர்ந்து அசைந்தால் அது பிட்டம். ஸ்கேன் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்காத மாணவி இல்லை. இரவு மூன்று மணிக்கு, வலி முற்றிய நிலையில் சக்கர நாற்காலியில் வந்து இறங்குகிற பெண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்களை இந்த ஊர் சொல்லிக்கொடுக்கிறது. பிரசவ அறையில் மலாய்ப் பெண்ணிடம் "தெரான்", சீனப் பெண்ணிடம் "யோங் லி", நம் பெண்ணிடம் "முக்கும்மா" என்று ஒரே மூச்சில் மாற்றிச் சொல்ல எல்லா இனத்து மருத்துவச்சிகளுக்கும் வரும். அதைவிடக் கடினம் அறைக்கு வெளியே நிற்கும் மாமியார்கள். மலாய்க் குடும்பத்தில் 44 நாள் பத்தியமும் வயிற்றுக்கட்டும், சீனக் குடும்பத்தில் ஒரு மாதம் தலைக்குக் குளிக்காமல் இஞ்சியும் காடியும், நம் வீட்டில் காய மருந்தும் பூண்டும் சுறாப்புட்டும். இவற்றில் பெரும்பாலானவை நல்லவை, சில எதையும் கெடுக்காதவை, ஒன்றிரண்டு ஆபத்தானவை. எது எந்த வகை என்று பிரித்தறிவதும், ஆபத்தானதை மட்டும் யார் மனமும் கோணாமல் கையிலிருந்து வாங்கிவிடுவதும் பெரிய வித்தை.

ஒரு பாட்டி. பேத்தி பிறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டே என்னைப் பார்த்ததும் பையை மூடினார். என்னவென்று கேட்டேன். "ஒன்றுமில்லை மிஸ்ஸி, சேனை வைக்கத்தான்" என்று ஒரு சிறு புட்டியைக் காட்டினார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. புட்டியில் இருந்தது தேன். அதோடு, தாளில் பொதிந்த ஒரு தங்க மோதிரம். தேனில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகளை ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் குடலால் எதிர்க்க முடியாது. தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். பழைய வார்டுப் பழக்கத்தில், இதற்கு அனுமதி இல்லை என்று சொல்லி, சொன்னதைக் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டுப் போயிருப்பேன். நான் அந்தப் பக்கம் போனதும் பாட்டி இந்தப் பக்கம் தேனை வைத்திருப்பார்.

யார் சேனை வைத்தால் நல்லது என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள் என்று கேட்டேன். பாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. தன் அண்ணன் கையால் சேனை வாங்கியதால்தான் தன் மூத்த மகன் பொறுமைசாலி என்று ஆரம்பித்துக் குடும்ப வரலாற்றையே சொன்னார். கேட்டுக்கொண்டே பெண்ணின் மார்பிலிருந்து கையால் பிழிந்து நாலைந்து சொட்டுச் சீம்பாலைச் சிறு கரண்டியில் எடுத்தேன். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம். "பாட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். இதையே நீங்கள் வையுங்கள். இதைவிட உசத்தியான சேனை கடையில் கிடைக்காது" என்றேன். கழுவிவிட்டு வந்தார். வைத்தார். குழந்தை சப்புக்கொட்டியது. "தங்கத்தைத் தொட்டு வைக்க வேண்டுமே மிஸ்ஸி" என்றார். மோதிரம் எத்தனை பேர் விரல் ஏறி இறங்கியதோ, அதைப் பேத்தியின் கல்யாணத்துக்கு வைத்திருங்கள் என்றேன். தேன்புட்டி என் மேசையில் இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குப் போகும்போது, மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நேர்வழிப் பட்டத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே முதல் பிள்ளையை முப்பது வயதுக்கு மேல் பெறுகிறவர்கள் ஏராளம். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி மூச்சுவிடத் திணறும்போது என் பழைய வார்டு எனக்குக் கைகொடுக்கிறது. நேராகப் படித்து வந்தவளுக்கு அந்தக் கூடுதல் ஆண்டுகள் இல்லை. மருத்துவமனை நிர்வாகங்களின் கணக்கும் எனக்குப் புரிகிறது. பிரசவ வார்டு காலியாக இருக்கும் வாரத்தில் தாதியாகவும் இருப்பவளை வேறு வார்டுக்கு அனுப்பலாம். மருத்துவச்சி மட்டுமாக இருப்பவளை எங்கே அனுப்புவது?

வார்டு காலியாவது கற்பனையல்ல. இன்றைய கேகே மகளிர், சிறார் மருத்துவமனை 1924ல் மகப்பேற்று மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 1966ல் அங்கு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 109. ஒரே மருத்துவமனையில் அதிகக் குழந்தைகள் பிறந்ததற்கான கின்னஸ் சாதனை பத்தாண்டுக் காலம் அதன் பெயரில் இருந்தது. பின்னாளில் நாட்டின் இரண்டாம் அதிபரான பெஞ்சமின் ஷியர்ஸ் அங்கே மகப்பேற்று மருத்துவராக இருந்தவர்தான். 1970களில் இரண்டோடு நிறுத்துங்கள் என்றார்கள். 1987ல் வசதியிருந்தால் மூன்று பெறுங்கள் என்றார்கள். 2023ல் நாடு முழுவதும் பிறந்த குழந்தைகள் 34,000ஐ எட்டவில்லை. 1966ல் அந்த ஒரு கட்டடம் பார்த்ததைவிடக் குறைவு. அந்த ஆண்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிள்ளைகள், 0.97.

இதைக் காட்டித்தான், குறைகிற தொழிலுக்குத் தனிப் பட்டம் எதற்கு என்கிறார்கள். நான் இதையே திருப்பிச் சொல்வேன். ஒரு நாளைக்கு 109 பிரசவம் நடந்த மருத்துவமனையின் மருத்துவச்சிக்கு ஒரு பெண்ணோடு உட்காரவோ அவள் பயத்தைக் கேட்கவோ நேரம் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் ஒரே ஒரு பிள்ளை பெறப்போகிறவள் எல்லாவற்றையும் இணையத்தில் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பயந்துபோய் வருகிறாள். அவளுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் ஒரு முகம், வலி நேரத்தில் இன்னொரு முகம், பால்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க மூன்றாவது முகம் என்று காட்டுகிறோம். ஒரே மருத்துவச்சி கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்பதை மாணவப் பருவத்திலேயே கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியப் பாடத்திட்டத்தைப் பார்த்து நான் ஏங்குகிறேன். ஆண்டுக்கு ஒரு சிறு வகுப்பு போதும். தாதிமை வழியையும் மூட வேண்டியதில்லை. மருத்துவச்சி என்பது தாதியின் சட்டையில் குத்தும் இன்னொரு பதக்கமாக மட்டும் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அக்கா மகள் குளிர்காலத்தில் வீட்டுப் பிரசவம் ஒன்றுக்குப் போய்வந்தாள். நம் ஊரில் அது மிக அரிது. அங்கே விரும்புகிறவர்களுக்கு அரசாங்க மருத்துவச்சிகளே வீட்டுக்கு வருவார்கள். பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்த வலி குறைக்கும் வாயு உருளைகளைக் குறுகலான மாடிப்படியில் சுமந்து ஏற்றியது அவள்தானாம். இதைக் கேட்ட அக்காவுக்கு, பெண் படிக்கப் போனாளா, மூட்டை தூக்கப் போனாளா என்று வருத்தம். இரவு முழுக்க விழித்திருந்தது, அந்த வீட்டு நாய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது, விடியற்காலையில் குழந்தை பிறந்ததும் கணவர் எல்லாருக்கும் ரொட்டி வாட்டிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். தொப்புள்கொடித் துடிப்பு அடங்கும்வரை யாரும் கத்தரியைத் தொடவில்லை என்பதை மட்டும் இருமுறை சொன்னாள்.

இனி அழைக்கப்போகிற பெற்றோருக்கு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு. அதை மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ நான் தயாரில்லை. பிள்ளையின் தடுப்பூசிப் பதிவுகளையும் நன்னடத்தைச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள், அவை இல்லாமல் வார்டுக்குள் விட மாட்டார்கள். நேர்காணலில் ஏன் தாதிமை வேண்டாம், ஏன் இது என்று நிச்சயம் கேட்பார்கள். குழந்தைகள் என்றால் பிடிக்கும் என்று சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள்; மருத்துவச்சி பெரும்பாலும் பார்த்துக்கொள்வது அம்மாவை. எல்லாவற்றுக்கும் முன்னால், குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுதி, தாதிமைப் பதிவு இல்லாமல் இந்தப் பட்டத்தோடு மட்டும் திரும்பி வந்தால் மருத்துவச்சியாகப் பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று சிங்கப்பூர் தாதியர் வாரியத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். வேலைக்கு எடுக்கும் சாத்தியமுள்ள மருத்துவமனைகளிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில்கள் கைக்கு வந்த பிறகு முன்பணத்தைக் கட்டினால் போதும்.